பாசெல் வாக்களித்தபோது: கலைக்கு வரிப்பணம் தர மக்கள் எப்போது இசைகிறார்கள்?

கலைக்கு அரசு பணம் செலவிட வேண்டுமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் வேண்டும் என்றே சொல்வார்கள். அதே ஆட்களிடம், மருத்துவமனைக்குக் கட்டிலா, அருங்காட்சியகத்துக்கு ஓவியமா என்று கேட்டால் தயங்காமல் கட்டிலைக் காட்டுவார்கள். இந்த இரண்டில் எது அவர்களுடைய உண்மையான கருத்து என்று தேடுவதில் பொருளில்லை. முதல் கேள்விக்கு நல்லெண்ணத்தோடு பதில் சொல்லிவிட்டுப் போகலாம், அதற்குச் செலவில்லை. இரண்டாவது கேள்வியோ, நடைமுறையில் யாரும் தூக்கிப் பார்க்காத ஒரு தராசை அவர்கள் கையில் திணிக்கிறது. பொதுப்பணத்தையும் கலையையும் சேர்த்து மக்கள் உண்மையில் எப்படி நினைக்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால், குறிப்பிட்ட ஒரு பொருளுக்குக் குறிப்பிட்ட ஒரு தொகையைத் தங்கள் வரியிலிருந்து தருவதா வேண்டாமா என்று அவர்களே வாக்களித்து முடிவெடுத்த சந்தர்ப்பங்களைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள் உலகில் அதிகமில்லை. இருப்பவற்றில் தெளிவான ஒன்று, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் 1967 டிசம்பரில் நடந்தது.

அதன் தொடக்கம் ஒரு விமான விபத்தில் இருக்கிறது. 1967 ஏப்ரல் 20 அன்று, பாங்காக்கிலிருந்து பாசெலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த குளோப் ஏர் நிறுவனத்தின் விமானம் சைப்ரஸ் தீவின் நிகோசியா நகருக்கு அருகே விழுந்து 126 பேர் இறந்தனர். நிறுவனம் அதிலிருந்து மீளவில்லை, அந்த ஆண்டு முடிவதற்குள் நொடித்துப்போனது. அதன் முக்கியப் பங்குதாரரான பீட்டர் ஷ்டேகெலின், பாசெலின் பேர்பெற்ற கலைச் சேகரிப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை ருடோல்ஃப் சேர்த்துவைத்த ஓவியங்கள் குடும்ப அறக்கட்டளை ஒன்றின் பெயரில் இருந்தன. ஆனால் பல ஆண்டுகளாக அவை இரவலாக நகரத்தின் கலை அருங்காட்சியகச் சுவர்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக அழைத்துவரப்பட்ட பிள்ளைகளுக்கு அவை ஊரின் படங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்?

கடன் நெருக்கியதும் அறக்கட்டளை ஓவியங்களை விற்கத் தொடங்கியது. வான் கோவின் ஓவியம் ஒன்று முதலில் கைமாறியது. அடுத்து பிகாசோவின் இரண்டு ஓவியங்கள் விலைக்கு வந்தன: 1906இல் வரைந்த சகோதரர் இருவரின் படம் ஒன்று, 1923இல் வரைந்த, உட்கார்ந்திருக்கும் விதூஷகனின் படம் மற்றொன்று. நகரமே வாங்கிக்கொள்வதானால் இரண்டுக்கும் சேர்த்து 84 லட்சம் பிராங்க் தர வேண்டும். பாசெல் நகர மாநில அரசு 60 லட்சம் தருவது, மீதி 24 லட்சத்தை நன்கொடையாகத் திரட்டுவது என்று திட்டமிடப்பட்டது. மாநில மன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. வேறொரு நாட்டில் விவகாரம் அதோடு முடிந்திருக்கும், நாளிதழ்களில் இரண்டு நாள் வாசகர் கடிதங்கள் வந்திருக்கும். சுவிஸ் முறையில் அப்படி முடிவதில்லை. மன்றத்தின் செலவு முடிவு பிடிக்காதவர்கள் போதிய கையொப்பங்களைத் திரட்டினால், அந்த முடிவு மக்களின் பொது வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். கையொப்பங்கள் திரண்டன.

எதிர்த்தவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. முதியோர் இல்லங்களுக்கும் வீடுகளுக்கும் பணம் தேவைப்படும் நேரத்தில் இரண்டு படங்களுக்கு இத்தனை லட்சமா என்பது அவர்களுடைய முதல் வாதம். தொழிலில் இழந்த ஒரு செல்வக் குடும்பத்தின் பள்ளத்தை ஊராரின் வரியால் நிரப்புவது நியாயமா என்பது அடுத்தது. இது முதல் வாதத்தைவிடக் கூர்மையானது என்பது என் எண்ணம், ஏனென்றால் இது கலையின் மதிப்பை மறுக்காமலேயே செலவை மறுக்கிறது. அன்றைய மக்கள்தொகையான சுமார் 2.3 லட்சம் பேருக்கு அந்த 60 லட்சத்தைப் பிரித்தால் தலைக்கு 26 பிராங்க் வரும். அற்பத் தொகையல்ல, குடியைக் கெடுக்கும் தொகையும் அல்ல. ஒருவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை அந்தத் தொகை தீர்மானித்திருக்க முடியாது.

ஆதரவாளர்கள் வாதத்தைவிடக் கொண்டாட்டத்தை நம்பினார்கள். நவம்பர் 25 அன்று நகரத் தெருக்களில் பிச்சைக்காரர் திருவிழா என்ற பெயரில் ஒரு நாள் முழுக்க வசூல் நடந்தது. இளைஞர்கள் காலணிக்கு மெருகு போட்டார்கள், தின்பண்டம் விற்றார்கள், பாடினார்கள், உண்டியலை நீட்டினார்கள். அந்த ஆண்டுதான் வெளிவந்து உலகெங்கும் ஒலித்த பீட்டில்ஸ் குழுவின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாடலின் தலைப்பைத் திருப்பி, பிகாசோவின் முதற்பெயரைச் சேர்த்து, 'ஆல் யூ நீட் இஸ் பாப்லோ' என்று எழுதிய பொத்தான்களைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். வரியைத் தவிர்க்க வழி தேடுவதையே வழக்கமாகக் கண்ட அரசியலில், வரிக்கு மேல் கையிலிருந்தும் தருகிறோம் என்று கூட்டம் கூட்டமாக இறங்கிய இந்தக் காட்சிக்கு ஒரு தனி விளைவு இருந்தது. நகரம் செலவு செய்யலாமா என்ற கணக்காளர் கேள்வி, நம் ஊர் இதை விட்டுவிடலாமா என்ற கேள்வியாக அங்கே மாறியது.

1967 டிசம்பர் 17 அன்று 32,118 பேர் ஆம் என்றும் 27,190 பேர் இல்லை என்றும் வாக்களித்தனர். பெண்களும் வாக்களித்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். சுவிட்சர்லாந்து முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வருவதற்கு ஐந்தாண்டு முன்னால், 1966இலேயே, ஜெர்மன் மொழி பேசும் மாநிலங்களில் முதலாவதாக பாசெல் நகர மாநிலம் தன் அளவில் அதை வழங்கியிருந்தது. தென் பிரான்ஸின் மூஷானில் வசித்த பிகாசோ, செய்தி கேட்டு அருங்காட்சியக இயக்குநர் ஃபிரான்ஸ் மையரை வரவழைத்து, மூன்று ஓவியங்களையும் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றுக்கான முன்வரைவையும் பாசெலின் இளைஞர்களுக்கென்று இலவசமாகவே கொடுத்தார். இரண்டு படங்களுக்கு வாக்களித்த ஊருக்கு ஆறு கிடைத்தன.

இந்தக் கதையை ஐரோப்பாவில் சொல்பவர்கள், ஒரு நகரமே நவீன ஓவியத்தைக் காதலித்ததாகச் சொல்லி நெகிழ்வார்கள். வாக்கு எண்ணிக்கை அதற்கு அவ்வளவாக இடம் கொடுக்கவில்லை. நூற்றுக்கு 46 பேர் மறுத்திருக்கிறார்கள். ஆம் என்ற 54 பேரிலும் எத்தனை பேர் அந்த விதூஷகன் முன்னால் ஐந்து நிமிடமாவது நின்றிருப்பார்கள் என்பது சந்தேகம்தான். நான் கவனிக்க விரும்புவது வேறு. அந்த ஓவியர் உயிரோடிருந்தார், ஆனால் ஓவியங்களில் ஒன்றுக்கு வயது 44, மற்றொன்றுக்கு 61. அவை புதிதாக வரவில்லை, ஏற்கெனவே அங்கே இருந்தன. பிகாசோ உயர்ந்த ஓவியரா என்று யாரும் வாக்காளரைக் கேட்கவில்லை. நேற்றுவரை சுவரில் இருந்ததை நாளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடலாமா என்றுதான் அவர் கேட்கப்பட்டார்.

பாசெலுக்கு இந்தக் கேள்வி புதியதும் அல்ல. 1661இல், பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஹோல்பைனின் ஓவியங்கள் அடங்கிய ஆமர்பாக் குடும்பத்துச் சேகரிப்பு ஆம்ஸ்டர்டாமுக்கு விலைபோகவிருந்தபோது, நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 9,000 ரைக்ஸ்டாலர் கொடுத்து அதை வாங்கின. இன்றைய அருங்காட்சியகத்தின் அடித்தளம் அதுதான், நகரமே உடைமையாளராக இருந்த பொதுக் கலைச் சேகரிப்புகளில் உலகிலேயே பழமையானதாக அதைச் சொல்வார்கள். 1939இல் நாஜி அரசு தன் அருங்காட்சியகங்களிலிருந்து 'சீரழிந்த கலை' என்று பிடுங்கியெறிந்தவற்றை விற்றபோது, அன்றைய இயக்குநர் கெயார்க் ஷ்மிட் மாநிலத்திடம் 50,000 பிராங்க் சிறப்பு நிதி பெற்று 21 படைப்புகளை வாங்கி வந்தார். மூன்று சந்தர்ப்பங்களிலும் பின்னணியில் ஒரே அச்சம் இருக்கிறது: இப்போது எடுக்காவிட்டால் போய்விடும்.

போய்விடும் என்ற அச்சத்தின் வலிமையை இன்னும் பெரிய அளவில் காட்டியது அமெரிக்காவின் டெட்ராய்ட். அங்குள்ள கலை நிறுவனம் 1885இல் தொடங்கப்பட்டு 1919இல் நகராட்சியின் உடைமையானது. கார்த் தொழில் செழித்த காலத்தில் நகராட்சியே பணம் கொடுத்து வான் கோவின் தன்னுருவப் படத்தை 1922இலும், பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் திருமண நடனக் காட்சியை 1930இலும் வாங்கியது. தொழிலும் மக்களும் வெளியேறத் தொடங்கிய பிறகு நகராட்சியும் மிச்சிகன் மாநில அரசும் கையை விரித்தன. 2012இல் நிறுவனம் வாக்காளர்களிடமே போனது: சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களில் பத்தாண்டுகளுக்கு ஒரு தனிச் சொத்து வரி. சந்தையில் 1.5 லட்சம் டாலர் பெறும் வீட்டுக்கு ஆண்டுக்கு 15 டாலர். மொத்தமாகக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி டாலர். பதிலுக்கு, வரி தரும் மாவட்டத்தாருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இதில் இரண்டு மாவட்டங்கள் முழுக்க நகரத்துக்கு வெளியே உள்ளவை, டெட்ராய்ட் நகரத்தோடு நிற வேறுபாட்டாலும் பணத்தாலும் நெடுநாள் பிணக்குக் கொண்டவை. ஆனாலும் மூன்றிலும் வரி நிறைவேறியது. மெக்கோம் மாவட்டத்தில் மட்டும் நூலிழையில்.

அடுத்த ஆண்டே, 2013 ஜூலை 18 அன்று, சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு டெட்ராய்ட் நகரம் திவால் மனு தாக்கல் செய்தது. கடன் கொடுத்தவர்களின் கண் ஓவியங்கள்மீது விழுந்தது. நகராட்சிப் பணத்தில் வாங்கியவற்றை மட்டும் மதிப்பிட்ட கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் 45.4 கோடி முதல் 86.7 கோடி டாலர் வரை பெறும் என்றது. மறுபக்கம், ஓய்வூதியத்தில் கை வைக்கப்படும் நிலையில் பல்லாயிரம் முன்னாள் ஊழியர்கள் இருந்தனர். மருத்துவமனைக் கட்டிலா ஓவியமா என்ற அந்தக் கற்பனைத் தராசு, சரித்திரத்தில் ஒரு முறை உண்மையாகவே நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டது என்று சொல்லலாம்: தீயணைப்பு வீரரின் ஓய்வூதியமா, புரூகலா?

நகரவாசிகளிடம் கருத்துக் கேட்டபோது பெரும்பான்மையினர் ஓவியங்களை விற்கக் கூடாது என்றார்கள். பெரும்பான்மையினர் ஓய்வூதியத்தையும் குறைக்கக் கூடாது என்றார்கள். தருக்கம் படித்தவர்கள் இதில் முரண்பாடு காண்பார்கள். மக்களுக்கு அதில் முரண்பாடில்லை, ஏனென்றால் இரண்டுமே அவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகள். கடைசியில் நடுவராக அமர்ந்த நீதிபதி ஜெரால்ட் ரோசன் கண்ட வழியும் ஏறக்குறைய அந்தப் பதிலையே பின்பற்றியது. தனியார் அறக்கட்டளைகள் 36.6 கோடி டாலர், மாநில அரசு 35 கோடி, கலை நிறுவனம் திரட்டும் 10 கோடி, ஆக 81.6 கோடி டாலர் இருபது ஆண்டுகளில் ஓய்வூதிய நிதிக்குப் போகும். ஓவியங்கள் நகராட்சியின் கையிலிருந்து, எந்தக் கடன்காரரும் தொட முடியாதபடி, தனி அறநிறுவனத்தின் உடைமையாகும். ஓய்வூதியர்கள் அடியிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. பொது ஊழியர்களின் ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறைந்தது, விலைவாசிக்கேற்ற உயர்வும் போயிற்று. ஆனாலும் அவர்கள் வாக்களித்து இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள், 2014 நவம்பரில் நீதிமன்றமும் ஒப்புதல் அளித்தது. 2020 மார்ச்சில் அந்தச் சொத்து வரியை நீட்டிப்பது பற்றி மீண்டும் வாக்கெடுப்பு வந்தபோது, முன்பு நூலிழையில் தப்பிய மெக்கோம் உட்பட மூன்று மாவட்டங்களிலும் தெளிவான பெரும்பான்மை கிடைத்தது. இடையில் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் கூடியிருந்தார்கள் என்பது ஒரு காரணம். ஏறக்குறைய இழந்துவிட்டோம் என்ற நினைவு அதைவிடப் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே கட்டடத்தின் நடுக்கூடத்தில் இந்த மனநிலையின் மறுபக்கமும் தீட்டப்பட்டிருக்கிறது. 1932, 1933 ஆண்டுகளில் மெக்சிகோவின் டியாகோ ரிவேரா, எட்செல் ஃபோர்டு கொடுத்த பணத்தில், கார்த் தொழிற்சாலையையும் அதன் உழைப்பாளிகளையும் 27 சுவர்ப்பரப்புகளில் வரைந்தார். திறந்தவுடன் கூச்சல் எழுந்தது. தெய்வ நிந்தனை என்றார்கள், கம்யூனிசம் என்றார்கள், சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட வேண்டும் என்று நாளிதழிலேயே எழுதினார்கள். எண்பது ஆண்டு கழித்து, திவால் வழக்கு நடந்துகொண்டிருந்த 2014இல், அவை நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. சுவரில் ஒரு கோடும் மாறவில்லை.

ஆக, காப்பதற்குப் பணம் கேட்டால் மக்கள் இசைகிறார்கள், படைப்பதற்குக் கேட்டால் சுருங்குகிறார்கள் என்று முதல் பார்வைக்குத் தெரிகிறது. இரண்டாவதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். லண்டனின் டேட் கலைக்கூடம் 1972இல் கார்ல் ஆண்ட்ரே என்ற அமெரிக்கச் சிற்பி அடுக்கிய 120 சூளைச் செங்கற்களை 2,297 பவுண்டுக்கு வாங்கியது. நான்கு ஆண்டு யாரும் பேசவில்லை. 1976இல் நாளிதழ் ஒன்றில் செய்தி வந்ததும் நாடே கொதித்தது. ஒருவர் நீலச் சாயத்தைக் கொண்டுவந்து செங்கற்கள்மீது ஊற்றினார். பாசெல் 84 லட்சம் கொடுத்தபோது எழாத அளவு ஏளனம் சில ஆயிரம் பவுண்டுக்கு எழுந்ததற்குக் காரணம் தொகை அல்ல. செங்கல்லை எல்லோருக்கும் தெரியும், அதன் விலையும் தெரியும். தனக்குத் தெரிந்த விலைக்கும் அரசு கொடுத்த விலைக்கும் உள்ள இடைவெளியை ஒருவர் தாமே கணக்கிட முடிகிற இடத்தில்தான் ஏமாற்றப்பட்ட உணர்வு மிகக் கடுமையாக வரும். பிகாசோவின் ஓவியம் என்ன விலை பெறும் என்று பாசெலின் பால்காரருக்குத் தெரியாது. அதனால் அவர் சந்தையை நம்பினார்.

அமெரிக்காவில் இத்தகைய கொதிப்பின் விளைவு நீடித்தது. 1965இல் தொடங்கிய தேசியக் கலை நிதியம், 1989இல் இரண்டு புகைப்படக் கலைஞர்களுக்கு, அதுவும் இடைநிலை அமைப்புகள் வழியாக, ஒரு முறை 15,000 டாலரும் மறுமுறை 30,000 டாலரும் போய்ச் சேரக் காரணமாக இருந்தது என்று நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பியது. மதத்தையும் ஒழுக்கத்தையும் இழிவுபடுத்தும் படங்களுக்கு வரிப்பணமா என்பது குற்றச்சாட்டு. 1995இல் 16.2 கோடி டாலராக இருந்த நிதியத்தின் ஒதுக்கீடு அடுத்த ஆண்டு 9.9 கோடியாக வெட்டப்பட்டது. எழுத்தாளர்களுக்கான நல்கை போன்ற சில விலக்குகள் தவிர, தனிக் கலைஞர்களுக்கு நேரடியாகப் பணம் தருவதே நின்றுபோனது. நிறுவனங்கள் பிழைத்துக்கொண்டன, அருங்காட்சியகங்களும் இசைக்குழுக்களும் தொடர்ந்து மானியம் பெற்றன. அடிபட்டவர், என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரியாத தனி ஆள்.

கலைக்குப் பொதுப்பணம் ஏன் தேவை என்பதற்குப் பொருளியலார் தரும் விளக்கங்களையும் இங்கே சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நால்வர் இசைக்கும் ஒரு பழைய இசைக்கோவையை இசைக்க அன்றும் நால்வர் வேண்டும், இன்றும் நால்வர் வேண்டும், நேரமும் அதேதான். தொழிற்சாலையில் போல இயந்திரம் புகுத்தி ஆளைக் குறைக்க முடியாது. ஆனால் அந்த நால்வரின் சம்பளம் மற்றவர்களோடு சேர்ந்து ஏறியாக வேண்டும். எனவே வரவுக்கும் செலவுக்குமான இடைவெளி காலம் போகப்போக விரியும் என்று 1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவென் இருவரும் காட்டினார்கள். இது கலைக்கூடங்கள் ஏன் கையேந்துகின்றன என்பதை விளக்குகிறதே தவிர, கொடுப்பவர் ஏன் கொடுக்கிறார் என்பதை விளக்கவில்லை. அதற்கு உதவுவது வேறொரு ஆய்வுமரபு. 1990களில் டென்மார்க்கில், கோபன்ஹேகனின் அரச நாடக அரங்குக்கு எவ்வளவு வரி தரத் தயார் என்று நாடு முழுவதும் கேட்டுப் பார்த்தார்கள். அரங்குக்குப் போகாதவர்களும் தரத் தயாராக இருந்தார்கள், எல்லோரும் சொன்னதைக் கூட்டினால் அரசு ஏற்கெனவே தந்துகொண்டிருந்த மானியத்துக்குக் குறையவில்லை. தான் பார்க்காத ஒன்று தன் நாட்டில் இருக்கிறது என்பதற்கே மக்கள் ஒரு விலை வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் வடபகுதிக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. திரௌபதி அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, அந்த ஊர்ப்பணத்திலிருந்துதான் கூத்து ஜமாவுக்கு அச்சாரம் போகிறது. விடிய விடியக் கூத்துப் பார்ப்பவரும் கொடுக்கிறார், ஒன்பது மணிக்கே படுத்துவிடுபவரும் கொடுக்கிறார். கூத்து பிடிக்காது என்று சொல்லி வரியைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. அதே ஜமா, திருவிழாவோடு தொடர்பில்லாத புதிய நாடகம் ஒன்றைத் தயாரித்துவிட்டு ஊர்ப்பொதுவில் பணம் கேட்டால் என்ன பதில் வரும் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

ஆனால் காப்பது, படைப்பது என்ற பிரிவினையோடு நின்றுவிட்டால் பாசெலின் பிந்திய வாக்குகளை விளக்க முடியாது. 2007இல், நகரத்தின் பழைய இசையரங்க வளாகத்தில் சாஹா ஹதீத் வடிவமைத்த புதிய கட்டடம் ஒன்றை எழுப்பும் திட்டத்தை, பிகாசோவுக்கு வாக்களித்த அதே ஊர் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளால் நிராகரித்தது. பழைய அரங்கைப் புதுப்பித்து விரிவாக்கும் வேறொரு திட்டம் பின்னர் நிறைவேறி, 2020இல் அரங்கு மீண்டும் திறந்தது. இதுவரை பிரிவினை பொருந்துகிறது. ஆனால் 2011இல், பாசெல் நாடக அரங்குக்குக் கூடுதல் மானியம் தருவதைப் பக்கத்து மாநிலமான பாசெல் நாட்டுப்புறம் சிறு வித்தியாசத்தில் மறுத்தது. அந்த மாநிலத்தார் நாடகம் பார்க்க வருவது இந்த அரங்குக்குத்தான். அரங்கும் புதியதல்ல, பழையது. இருந்தும் மறுத்தார்கள், ஏனென்றால் அது எல்லைக்கு அப்பால் இருக்கிறது. மெக்கோம் மாவட்டம் முதல்முறை நூலிழையில் தடுமாறியதும் இந்த இடத்தில்தான். அங்கே வரி தந்தவருக்குக் கதவு இலவசமாகத் திறந்தது, எட்டு ஆண்டில் அந்த அருங்காட்சியகம் அவர்களுடையதும் ஆயிற்று.

2024 நவம்பர் 24 அன்று நடந்த இரண்டு வாக்குகள் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. ஐரோப்பிய நாடுகள் பங்குபெறும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை 2025இல் நடத்த சுமார் 3.5 கோடி பிராங்க் செலவிடுவதற்குப் பாசெலில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தனர். பழமையானது என்று சொல்ல அதில் எதுவுமில்லை, காப்பதற்கும் ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதே நாளில், மாநிலம் இசைக்குத் தரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிலையான இசைக்குழுக்களுக்கு வெளியே இயங்கும் இசைக்கலைஞர்களுக்குப் போக வேண்டும் என்ற முன்மொழிவு தோற்றது. இசைக்கான பணத்தை வேறு மாதிரிப் பங்கிடச் சொன்ன முன்மொழிவு அது. தோற்றவர்கள் அதே ஊரில் குடியிருக்கும் கலைஞர்கள், வாக்களித்தவர்களின் அண்டை வீட்டார்.

நம்முடையது என்ற சொல்லுக்கு மக்கள் தரும் பொருள் அப்படி. பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியதாக, ஒரு கட்டடத்திலோ ஒரு விழாவிலோ குடியிருப்பதாக, வெளியூராரிடம் காட்டிப் பெருமைப்படத் தக்கதாக அது இருக்க வேண்டும். இசைக்குழு நம்முடையது, பாட்டுப் போட்டி ஒரு வாரத்துக்கு நம்முடையது. வாடகை அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இன்னும் யாருடையவரும் அல்ல. நிதி கேட்டுப் பிரசாரம் செய்பவர்கள் கலையால் வரும் வேலைவாய்ப்பு, சுற்றுலா வருமானம் என்று புள்ளிவிவரங்களை அடுக்குகிறார்கள். அவை அரசு அலுவலகத்தில் கோப்பு நகர உதவலாம். வாக்குச்சாவடியில் அவை பெரிதாக எதையும் நகர்த்தியதாக எனக்குத் தெரியவில்லை. பிச்சைக்காரர் திருவிழாவில் யாரும் சுற்றுலா வருமானத்தைப் பற்றிப் பேசி உண்டியல் ஏந்தவில்லை.

ஷ்டேகெலின் சேகரிப்பின் எஞ்சிய ஓவியங்கள் 1967க்குப் பிறகும் பாசெல் அருங்காட்சியகத்தில் இரவலாகவே இருந்தன. அவற்றில் ஒன்று, பால் கோகன் 1892இல் தாஹிதித் தீவில் வரைந்த, இரண்டு இளம்பெண்கள் அமர்ந்திருக்கும் படம். 2015இல் அருங்காட்சியகத்தின் முதன்மைக் கட்டடம் புதுப்பிப்புக்காக மூடப்பட்டிருந்த சமயத்தில், குடும்ப அறக்கட்டளை இரவலை முடித்துக்கொண்டு அதை விற்றுவிட்டதாகத் தெரியவந்தது. கத்தாருக்குப் போனதாகவும் 30 கோடி டாலர் விலை என்றும் முதலில் செய்தி வந்தது. பின்னர் லண்டன் நீதிமன்ற வழக்கொன்றில் 21 கோடி டாலர் என்று தெரிந்தது. அத்தனை கோடியை எந்த மாநில மன்றமும் ஒதுக்கியிருக்காது, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. சகோதரர் இருவரும் விதூஷகனும் வாங்கிய இடத்திலேயே இருக்கிறார்கள்.